பேட்ச் டெஸ்ட் முடிவு யாருக்குச் சாட்சி?

கேள்வி: சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு கடையில் பாடி வாஷ் வாங்கினேன். இரண்டே வாரத்தில் கழுத்து, கை எல்லாம் தடிப்பு. தேசிய தோல் நிலையத்தில் பேட்ச் டெஸ்ட் (எது ஒத்துக்கொள்ளாது என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் மெதில்ஐசோதியசோலினோன் என்ற பொருள் எனக்கு ஒத்துக்கொள்ளாதாம். மகள் கல்யாணத்தில் துப்பட்டாவால் கழுத்தை மூடிக்கொண்டு நின்றேன். முதலில் திமிராகப் பேசிய கடைக்காரர் இப்போது 600 வெள்ளி தருகிறேன் என்கிறார். எனக்கு 12,000 வேண்டும். 'விஷம் விற்கும் கடை' என்று ஃபேஸ்புக்கிலும் எழுதிவிட்டேன். வழக்குப் போடலாமா? – ஈசூன் வாசகி

பதில்: கல்யாண வேதனையும் கடைக்காரரின் பேச்சும் புரிகிறது. வழக்கில் அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் புட்டியில் குறை இருந்ததா, உங்கள் தோலுக்கு மட்டும் அது ஒத்துவரவில்லையா?

பேட்ச் டெஸ்ட் தாளோடு, ஜெயித்தாகிவிட்டது என்ற நம்பிக்கையில் வருபவர்கள் உண்டு. அந்தத் தாள் பேசுவது உங்கள் உடம்பைப் பற்றி, புட்டியைப் பற்றி அல்ல. எதிர்த்தரப்பு வக்கீல் அதையே எடுத்து, 'ஒவ்வாமை இவருக்குத்தானே, மற்றவர்கள் நன்றாகக் குளிக்கிறார்களே' என்பார். 1939-இல் இங்கிலாந்தில் ட்வீட் கோட் அணிந்து தோல் அழற்சி வந்த ஒரு பெண் இப்படித்தான் தோற்றார். அவர் தோல் வழக்கத்துக்கு மாறாக மென்மையானது, அதைக் கடையில் சொல்லவும் இல்லை. நமது பொருள் விற்பனைச் சட்டம் அங்கிருந்து வந்தது என்பதால் அந்தத் தீர்ப்பு இங்கேயும் எடுத்துக்காட்டப்படும்.

ஆகவே உங்களுக்கு வேறு பிடி வேண்டும். லேபிளில் அந்தப் பெயர் விடுபட்டிருக்கிறதா? அதன் அளவு, கழுவிவிடும் பொருள்களுக்கு ஆசியான் அழகுசாதன விதி அனுமதிக்கும் 0.0015 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறதா? வாங்கும் முன்பே 'எனக்குச் சென்சிடிவ் ஸ்கின்' என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, 'தாராளமாகப் போடலாம்' என்று அவர் பதில் அனுப்பினாரா? அந்த மெசேஜ் இருந்தால் என் பதிலே மாறும். ஆனால் முன்பு இதே ஒவ்வாமை வந்து, அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் மெசேஜும் காப்பாற்றாது. பழைய எக்ஸிமா எல்லாம் பலதுறை மருந்தகக் குறிப்பில் இருக்கும், எதிர்த்தரப்பு அதைக் கேட்டு வாங்கும். புட்டியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை அந்த ஃபேஸ்புக் பதிவு. 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, டெஸ்டில் தெரிந்தது' என்று எழுதியிருந்தால் அது உண்மை, பயமில்லை. 'விஷம்' என்று எழுதினால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். சட்டம் அனுமதிக்கும் ஒரு பொருளை எப்படி விஷம் என்று நிரூபிப்பீர்கள்? நியாயம் கேட்டு வந்தவர்களே அவதூறு வழக்கில் பிரதிவாதியாகி, வக்கீல் செலவையும் கட்டி மன்னிப்பும் எழுதிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

லேபிளில் பெயர் இருக்கிறது, மெசேஜும் இல்லை என்றால் 600-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவ ரசீதுகளைக் காட்டி இன்னும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கையெழுத்துப் போடும் தாளில், பதிவுக்காக அவர் உங்கள்மீது வழக்குத் தொடரமாட்டார் என்ற வரியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் வாங்கிய மறுவாரமே வக்கீல் நோட்டீஸ் வரலாம். பதிவை அதுவரை விட்டுவைக்காமல் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.