நாலாயிரம் படம் இருக்கிறது, ஓர் அளவுகூட இல்லை

கேள்வி: அக்கா, என் ஊர் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். மொறட்டுவையில் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லெக்சர் குறிப்பு கொப்பியில், சைட் படங்கள் நாலாயிரம் போனில், பிடித்த கட்டடங்கள் வட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பியது என்று எல்லாம் சிதறிக் கிடக்கிறது. நோஷன், ஒப்சிடியன் என்ற இரண்டு குறிப்புச் செயலிகளையும் போட்டுப் பார்த்தேன். லீவு முழுக்க டெம்ப்ளேட்டை அழகுபடுத்தியதிலேயே போய்விட்டது. போன கிரிட்டில், அதாவது எங்கள் வரைபடங்களை ஆசிரியர்கள் விமர்சிக்கும் அமர்வில், "இந்த வராந்தா ஏன் நாலடி?" என்று கேட்டார்கள். எங்கேயோ எழுதி வைத்திருந்தேன், தேடிக் கிடைக்கவில்லை. எந்தச் செயலி நல்லது?

பதில்: தங்கச்சி, செயலியை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த நாலாயிரம் படம்.

படிக்கும் காலத்தில் நானும் பண்டாரவளைப் பக்கம் ஒரு பழைய லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) போய் நூறு படத்துக்கு மேல் எடுத்து வந்தேன். பிளான் வரைய உட்கார்ந்தால் இஸ்தோப்பின், அதாவது முன் வராந்தாவின், அகலம் தெரியவில்லை. ஒரு படத்தில் ஆச்சி ஒருவர் விறகு அடுக்குகிறார், பக்கத்தில் சிவப்பு வாளி. வாளியின் உயரத்தை ஊகித்து, அதை வைத்து அகலத்தைக் கணக்குப் போட்டேன்! மறுபடி போய் அளந்தபோது ஓரடிக்கு மேல் பிழை. அளவைவிடப் பெரிய விஷயத்தையும் விட்டிருந்தேன். மழை மாதங்களில் விறகு நனையாமல் இருக்க இஸ்தோப்பில் பாதியை அதற்கே கொடுத்துவிடுகிறார்கள். மிச்சப் பாதியில்தான் ஆட்கள் உட்கார வேண்டும். "ஏன் இத்தனை அடி?" என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதில் அதுதான். எந்தப் படத்திலும் அது இல்லை, ஆச்சியிடம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1958இல் வட்டபுலுவ வீடமைப்புத் திட்டத்தைச் செய்தபோது, குடிவரப் போகிறவர்களிடமே கேள்விக்கொத்து கொடுத்து விசாரித்தார். அந்தப் பதில்களும் குறிப்புகள்தானே.

அதனால் படம் எடுத்த அன்றைக்கே, ரயிலில் வரும்போதாவது, நாலு வரி எழுதிவிடுங்கள்: எங்கே, என்ன அளவு, அங்கே யார் என்ன செய்கிறார்கள், உங்களுக்கு என்ன தோன்றியது. லெக்சரை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டாம், அது கொப்பியிலேயே இருக்கட்டும். ஸ்கெட்ச் புத்தகத்துக்குப் பக்க எண் போட்டு, குறிப்பில் "புத்தகம் 3, பக்கம் 41" என்று எழுதினால் போதும்.

சரி, செயலி. நான் ஒப்சிடியன் பக்கம். ஒவ்வொரு குறிப்பும் உங்கள் போனிலோ மடிக்கணினியிலோ சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருக்கும். சிக்னல் இல்லாத தோட்டத்திலும் திறக்கும். நாளைக்கு அந்தச் செயலியே இல்லாமல் போனாலும் வேறொன்றில் வாசிக்கலாம். பிளகின் என்கிற கூடுதல் வசதிகள் எதுவும் போடாதீர்கள், உங்கள் லீவு எங்கே போனதென்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஃபோல்டர். பெயரை "2025-03-14 ஹட்டன் லயம் இஸ்தோப்பு" என்று திகதியில் தொடங்கினால் தானாகவே வரிசையாக நிற்கும்.

தமிழில் எழுதுகிற நமக்கு ஒரு தொல்லை உண்டு. "லயம்" என்று தேடினால் "லயத்தில்" என்று எழுதியது அகப்படாது. "லய" என்று பாதியோடு நிறுத்தித் தேடுங்கள். அப்புறம், ஒரு நாள் படிக்கட்டு, இன்னொரு நாள் ஸ்டெயார்கேஸ், வீட்டு ஞாபகத்தில் இஸ்தோப்பு, லெக்சர் ஞாபகத்தில் வராந்தா என்று மாற்றி மாற்றி எழுதுவோம். நீங்கள் தேடிக் கிடைக்காத குறிப்பும் அநேகமாக இஸ்தோப்பு என்ற பெயரில்தான் ஒளிந்திருக்கிறது. குறிப்பின் கடைசி வரியில் இரண்டு பெயரையும் போட்டுவிடுங்கள்.

கவ்வாத்து வெட்டாத தேயிலை மரமாகிப் போவது உங்களுக்குத் தெரியும். தவணைக்கு ஒருமுறை, ஏன் எடுத்தோம் என்று நினைவில்லாத படங்களை அழியுங்கள். மிச்சத்தை பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள், போர்டிங்கில் அல்ல.

பழைய நாலாயிரத்தையும் ஒழுங்குபடுத்தக் கிளம்பாதீர்கள், அடுத்த லீவும் போய்விடும். இப்போதைய ப்ரொஜெக்ட்டுக்கு வேண்டிய பத்துப் படத்துக்கு மட்டும் குறிப்பு எழுதுங்கள். ஊருக்குப் போகும்போது அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு, உங்கள் வீட்டு இஸ்தோப்பிலிருந்தே தொடங்குங்கள். விறகு எங்கே இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேளுங்கள்.