மொய் நோட்டில் ஏறக் கூடாத பணம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, புற்றுநோய் வந்த ஒருவருக்காக ஊர் கூடிப் பணம் திரட்டுவது பற்றியே இருந்தன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதற்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ நடக்கிறது. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள். ஆவணியில் மொய் விருந்து வைத்துப் பணம் திரட்டித் தரலாம் என்று நாங்கள் பத்துப் பேர் முடிவு செய்தோம். அவர் கணவர் மட்டும் பிடிகொடுக்காமல் பேசுகிறார். கௌரவம் பார்க்கிறாரா?
— ஒரு வாசகர், பேராவூரணி

அவர் கௌரவம் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை தம்பி. கணக்குப் பார்க்கிறார். உங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு மொய் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும்.

மற்ற மாவட்ட வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு சுற்று வட்டாரத்தில் ஆடி, ஆவணி வந்தால் கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமலே பந்தல் போட்டு, கிடா வெட்டி, பத்திரிகை அடித்து விருந்து வைப்பார்கள். சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள். அந்தப் பணத்தில் ஒருவர் கடை வைப்பார், இன்னொருவர் போர் போடுவார், சிலர் பிள்ளையைப் படிக்க வைப்பார்கள். ஆனால் அது இனாம் இல்லை. எழுதியவர் வீட்டில் விருந்து வரும்போது பழைய மொய்யைத் திருப்பி, மேலே கொஞ்சம் புது மொய்யும் சேர்த்து வைக்க வேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, இருந்தாலும் கடன் கடன்தான், அதுவும் ஊர் முழுக்கத் தெரிந்த கடன்.

இப்போது அந்த மனிதர் இடத்தில் நின்று பாருங்கள். மனைவிக்கு 21 நாளைக்கு ஒரு கீமோ, ஒவ்வொன்றுக்கும் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கூடப் போக வேண்டும், அதற்கப்புறம் ரேடியேஷன், அதற்கும் அப்புறம் பலருக்கு ஐந்து வருஷம் தினமும் ஒரு மாத்திரை. இந்த நிலைமையில் முந்நூறு பேர் பெயர் எழுதிய ஒரு நோட்டை நீங்கள் அவர் கையில் கொடுத்தால், அந்த முந்நூறு வீட்டு விசேஷத்துக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். அவள் பிழைத்து வந்தாலும் கடன், வராமல் போனாலும் கடன். இதைத்தான் அவர் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் மென்று முழுங்குகிறார்.

அதனால் விருந்து வையுங்கள், ஆனால் மொய் எழுதாதீர்கள். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து பேரைக் கேட்காதீர்கள். ஒரு உண்டியல் வையுங்கள், போதும். பத்திரிகையிலேயே 'இது மருத்துவ உதவி, திருப்பிச் செய்ய வேண்டியதில்லை' என்று பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் எழுதாமல் விட்டால் மனசுக்குள் எழுதிக்கொள்வார்கள், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. அந்த அண்ணன் இத்தனை வருஷம் மற்றவர்கள் வீட்டில் மொய் வைத்திருப்பார் இல்லையா? அந்த மொய்யைத் திருப்ப வேண்டியவர்கள் இந்தச் சமயத்தில் வந்து திருப்பினால் அது அவருடைய சொந்தப் பணம். அதற்கு மட்டும் தனியாக ஒரு நோட்டு வையுங்கள். 'பழைய மொய் வரவு' என்று தலைப்பு எழுதி, கொடுத்தவர் பெயரும் ஊரும் தொகையும் எழுதுங்கள். அந்தக் கணக்கு அன்றோடு தீர்ந்துவிடும். தானத்தையும் வரவையும் ஒரே பையில் போட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

எங்கள் ஊரில் சில வருஷம் முன்னால் டீக்கடைக்காரர் மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது இப்படி ஒரு சாப்பாடு வைத்தோம். பெரிய எவர்சில்வர் குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி, நடுவில் கை நுழையும் அளவு கிழித்துவிட்டிருந்தோம். சாயங்காலம் பள்ளிக்கூடத் திண்ணையில் பெட்ஷீட் விரித்துக் குடத்தைக் கவிழ்த்து எண்ணினோம். நூறும் ஐம்பதும்தான் அதிகம், சில நோட்டில் குழம்பு வாசனைகூட இருந்தது. நடுவில் நாலாக மடித்த ஒரு கோடு போட்ட தாள். பிரித்தால் யாரோ தன் வீட்டு மொய் நோட்டிலிருந்து கிழித்த பக்கம். டீக்கடைக்காரர் பெயர், ஊர், 3,000 ரூபாய், அதன் மேல் குறுக்காக நீல மையில் ஒரு கோடு. அவ்வளவுதான், கையெழுத்துக்கூட இல்லை. குடத்தில் இருந்த அத்தனை பணத்தையும்விட அந்தத் தாளைத்தான் நாங்கள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். டீக்கடைக்காரர் அதைக் கல்லாப்பெட்டிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார், இன்றைக்கும் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். தேதியை அந்த அக்காவைக் கேட்டு வையுங்கள். கீமோ போட்டு ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ரொம்பவும் இறங்கியிருக்கும், சாதாரண சளி காய்ச்சல்கூட ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடும். அந்த நாட்களில் கூட்டத்துக்குள் அவரை உட்கார வைத்து, வருகிறவர் போகிறவரெல்லாம் கையைப் பிடித்து அழுதால் உங்கள் விருந்தே அவருக்கு வினையாகிவிடும். அடுத்த கீமோவுக்கு இரண்டு மூன்று நாள் முந்தி வையுங்கள், வருவதா வேண்டாமா என்பதை அன்று காலையில் அவரே சொல்லட்டும். வரவில்லை என்றால் ஒருவரும் ஏன் என்று கேட்கக் கூடாது.

கிடா வேண்டாம் என்பது என் கட்சி. ஆட்டுக்கறி விலையில் பாதி வரவு இலையிலேயே போய்விடும். தக்காளி சாதம், தயிர் சாதம், ஒரு ஊறுகாய். அரிசியை மில்காரரிடம் கேளுங்கள், பாத்திரத்தை வாடகைக் கடையில் கேளுங்கள், இந்த மாதிரி காரியம் என்றால் பெரும்பாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் நண்பர் வட்டத்தில் ஒருவர் தன் சொந்த ஜிபே நம்பரைப் போட்டு வசூல் செய்தார். பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனாலும் ஆளாளுக்குச் சந்தேகம் பேசுகிறார்கள். நல்லது செய்தவருக்கு இதுதானா மரியாதை?
— ஒரு வாசகி, திருச்சி

அவர் மேல் தப்பில்லை, முறையில்தான் தப்பு. எங்கள் டீக்கடைக்காரர் விஷயத்திலும் இதேதான் நடந்தது. எங்களில் ஒருவர் அவசரத்துக்குத் தன் க்யூஆர் அட்டையை வைத்தார், ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் அவர் சம்பளமும் வீட்டு வாடகையும் அதே கணக்கில் ஓடியதால் கடைசியில் எது யாருடையது என்று காட்ட முடியவில்லை. அந்த மனிதர் ஒரு வருஷம் தலை குனிந்து நடந்தார்.

நோயாளி பெயரிலோ, அவர் வீட்டில் ஒருவர் பெயரிலோ உள்ள வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும். முடிந்தால் இதற்கென்றே புதுக் கணக்குத் திறந்துவிடுங்கள். பெரிய தொகை தருகிறவர்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியின் பதிவு எண்ணைச் சொல்லி அங்கேயே முன்பணமாகக் கட்டி ரசீது வாங்கலாம். உண்டியல் பணத்தை மூன்று பேர் சேர்ந்து எண்ணி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே எத்தனை ரூபாய் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

வரி விஷயம் ஒன்று உண்டு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையுமே வாங்கியவரின் வருமானமாகக் கணக்கில் வரும் என்பது பொது விதி. வேறு வருமானம் அதிகம் இல்லாத குடும்பத்துக்கு வரி வராமலே போகலாம், இருந்தாலும் தொகை பெரிதானால் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள், மருந்துச் சீட்டு முதல் எல்லா ரசீதையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கும்போது எதற்கு வசூல்? ஏமாற்று வேலை என்று என் மகன் சொல்கிறான்.
— ஒரு வாசகர், கும்பகோணம்

உங்கள் மகன் பாதி சரி. வசூலுக்கு இறங்கும் முன் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்பதுதான் முதல் வேலை, பல இடத்தில் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அட்டை இல்லாவிட்டால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கும் மனுப் போடலாம், தொகுதி எம்பியின் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

மீதிப் பாதியில்தான் குடும்பம் நொடிந்து போகிறது. சென்னையில் எடுத்த ஒற்றை அறைக்கு வாடகை, கூட இருப்பவருக்குச் சாப்பாடு, இருவருக்கும் போன கூலி, பட்டியலில் இல்லாத மருந்து, ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு. இதில் எதையும் காப்பீடு தொடாது. ரயிலுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. டாக்டர் கையெழுத்துப் போட்ட சலுகைப் படிவத்தைக் கவுன்டரில் கொடுத்தால், சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. இது தெரியாமல் முழு டிக்கெட் எடுத்துப் போய்வந்த குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

கேள்வி: என் அம்மாவுக்குப் புற்றுநோய். உதவி கேட்டுப் போடும் செய்தியில், முடி கொட்டிய அம்மாவின் படத்தைப் போட்டால்தான் பணம் வரும் என்கிறார் மாமா. அம்மாவிடம் கேட்கவே தைரியம் வரவில்லை.
— கல்லூரி மாணவி, மதுரை

கேட்கத் தைரியம் வரவில்லை என்றால் போடாதே அம்மா. உனக்கே பதில் தெரிந்திருக்கிறது. அந்தப் படம் ஒரு முறை வெளியே போனால் திரும்பாது. அம்மாவுக்கு முடி முளைத்து, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போக ஆரம்பித்த பிறகும் யாரோ ஒருவர் போனில் சுற்றிக்கொண்டிருக்கும். ஃப்ளெக்ஸ் போர்டும் வேண்டாம்.

நல்ல நாளில் எடுத்த படம் ஒன்று போடு, முகம் வேண்டாம் என்று அம்மா சொன்னால் அதுவும் வேண்டாம். என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் எழுதிக் கொடுத்த செலவு மதிப்பீடு எவ்வளவு, காப்பீட்டில் எவ்வளவு வந்தது, துண்டு விழுவது எவ்வளவு. இந்த ஐந்தும் தெளிவாக இருந்தால் தருகிறவர்கள் தருவார்கள். வாரம் ஒரு முறை இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவு என்று இரண்டு வரி எழுது. மாமாவிடம் நான் சொன்னதாகவே சொல்.

கேள்வி: ஊரில் கையேந்துவதா என்று என் மாமியார் அழுகிறார். எப்படிச் சமாதானம் சொல்வது?
— ஒரு வாசகி, புதுக்கோட்டை

உங்கள் ஊர்க்காரர் கதையையே சொல்லுங்கள். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த வலியை மறக்காமல், வருஷக்கணக்கில் பொதுமக்களிடம் நிதி கேட்டுத்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை அவர் தொடங்கினார். அப்போது அங்கே 12 படுக்கைகள்தான். கேட்டு வாங்கிய பணத்தில் எழுந்த அந்த வாசலுக்கு இன்றைக்கும் நம் பக்கத்து ஜனங்கள் ரயிலேறிப் போகிறார்கள். அவர் கூச்சப்பட்டிருந்தால் அது இல்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள், ஒரே நாளில் மனசு மாறாது.

கேள்வி: வசூல் செய்து கொடுத்தோம். இரண்டு மாதத்தில் அவர் இறந்துவிட்டார். மீதி 64,000 ரூபாய் கணக்கில் இருக்கிறது. திருப்பிக் கேட்கலாமா?
— ஒரு வாசகர், தேனி

கேட்காதீர்கள். கடைசி ஆஸ்பத்திரி பில், காரியச் செலவு, அதற்காக அவசரத்தில் வைத்த அடகு, எல்லாம் இப்போதுதான் அந்த வீட்டு வாசலுக்கு வரும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒருவர் மட்டும் போய், 'மீதி உங்களுக்குத்தான், பிள்ளை படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர்களாகவே இன்னொரு நோயாளிக்குக் கொடுக்கச் சொன்னால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை திரட்டும்போது, மீதி குடும்பத்துக்கே என்று அறிவிப்பிலேயே எழுதிவிட்டால் இந்தக் கேள்வி வராது.

கேள்வி: 200 ரூபாய்தான் தர முடியும். கொடுக்க வெட்கமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, அறந்தாங்கி

கொடுங்கள் அம்மா. ஆஸ்பத்திரி கேன்டீனில் கூட இருப்பவருக்கு அது இரண்டு நாள் காலைச் சாப்பாடு. நேரமும் இருந்தால், அவர்கள் சென்னைக்குப் போகும் நாளில் அந்தப் பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள்.