விளக்கெரியாத மாடிகள்

வணக்கம். போன மாதம் முதன்முறையாகக் கொழும்புக்கு வந்து நான்கு நாள் தங்கினோம். நொடித்துப்போன நாடு என்று செய்திகளில் படித்துவிட்டு வந்தவனுக்குக் காலிமுகத்திடலைச் சுற்றி நிற்கும் கட்டடங்கள் திகைப்பாக இருந்தன. வெள்ளவத்தையில் இரவு நடந்தபோது கடலைப் பார்த்த தொடர்மாடிகளில் பாதிக்கு மேல் விளக்கே எரியவில்லை. விலைபோகாமல் கிடக்கின்றனவா? கொழும்பின் பணக்காரர்கள் எல்லாரும் கடலோரத்தில்தானே இருப்பார்கள்?
ச., கோவை

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கொழும்பின் பழைய பணம் கடலைப் பார்த்து வீடு கட்டியதில்லை. அது கறுவாத்தோட்டம் என்ற பகுதியில், பெரிய மரங்களின் நிழலில், உயர்ந்த மதில்களுக்குப் பின்னால் இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. கடலோரத்தை வெள்ளைக்காரன் ரயிலுக்குக் கொடுத்துவிட்டான். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று அலையை ஒட்டியே தண்டவாளம் தெற்கே போகிறது. காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கைகள் அன்று அந்தத் தண்டவாளத்தில் முட்டி நின்றன. நான் 1996இல் அறை தேடி அலைந்தபோது, கடற்பக்க அறை என்றதும் தரகர் தாமாகவே வாடகையைக் குறைத்தார். ஜன்னல் கம்பி, மின்விசிறி, கேட்டின் பிணைச்சல் எல்லாவற்றையும் உப்புக்காற்று அரித்துவிடும். கடைசி ரயில் போனால்தான் தூக்கம். கடல் தெரிவதற்கு விலை வைக்கலாம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை, பாவம்.

இனி அந்த இருட்டு. அந்த வீடுகள் எப்போதோ விற்றுவிட்டன. வாங்கியவர்களில் கணிசமானோர் டொரண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்கள், இலங்கைத் தமிழர்கள். சில வீடுகள் மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டவை. மகளும் மாப்பிள்ளையும் அங்கேயே இருக்கிறார்கள்.

இவர்களில் பலரை இந்த நகரம் போர்க்காலத்தில் வேறு கோலத்தில் பார்த்திருக்கிறது. வெளிநாட்டுப் பயணத்துக்காக ஏஜென்சிக்காரனின் அழைப்பை எதிர்பார்த்து, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லாட்ஜ்களில் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள். பொலிஸ் பதிவு வேண்டும்; தேநீர் குடிக்கப் படியிறங்கினாலும் சட்டைப்பையில் அடையாள அட்டை வேண்டும். 2007 ஜூன் 7ஆம் தேதி விடியுமுன் 300க்கும் மேற்பட்ட தமிழர்களை லாட்ஜ்களிலிருந்து எழுப்பி, பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. (எங்கள் உயர் நீதிமன்றம் உங்கள் கணக்கில் உச்ச நீதிமன்றம்.) ஒரு கட்டிலை நம்பிப் படுக்க முடியாமல் இருந்த ஊரில் மூன்று படுக்கையறை வாங்கிப் போடுவதை வெறும் முதலீடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கேயே சம்பளத்துக்கு வேலை செய்யும் குடும்பங்களுக்கு விலை எட்டாமல் போய்விட்டது என்பதும் உண்மை. என் தம்பி வெள்ளவத்தையில் வீடு பார்ப்பதைக் கைவிட்டு, கொழும்புக்கு வெளியே வத்தளைக்குப் போனான்.

செழிப்பைக் கண்டு திகைத்தேன் என்கிறீர்கள். நீங்கள் நடந்த காலிமுகத்திடலில்தான் 2022 ஏப்ரலில் மக்கள் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள்; அதே மாதம்தான் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. சுற்றியிருந்த கட்டடங்களில் பல அன்றும் நின்றன. அங்கே 1859ஆம் ஆண்டின் கல் ஒன்று இருக்கிறது: கொழும்பின் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக இந்த நடைபாதையைப் பேணும்படி, ஆளுநர் ஹென்றி வார்ட் தமக்குப் பின் வருவோருக்குச் சொல்லிவிட்டுப் போனது. பின்னால் வந்தவர்கள் அதற்கு வடக்கே கடலையே நிரப்பி 269 ஹெக்டேயர் துறைமுக நகரம் ஆக்கினார்கள். திடலில் இறால் வடை விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; எனக்கு அது போதும்.

நீங்கள் ஆவணியில் வந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்கும் பள்ளி விடுமுறைக்குமாக அவர்கள் வந்து இறங்குவார்கள். மாடி மாடியாக விளக்கு எரியும், லிப்டில் இடம் கிடைக்காது. மற்ற மாதங்களில் எங்கள் கட்டடத்தின் நான்கு வீட்டுச் சாவிகள் என் மனைவியிடம் இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய் ஜன்னல்களைத் திறந்து, குழாய்களைச் சற்று ஓடவிட்டு வருவாள். ஆறாம் மாடி அண்ணர் வீடு வாங்கிய நாளிலிருந்து மொத்தம் ஆறு வாரம்தான் அதில் படுத்திருப்பார். அதற்குள் உப்புக்காற்று அவருடைய ஏசியை இரண்டு தடவை தின்றுவிட்டது. மூன்றாவதைப் பூட்ட ஆள் வரும்போது கூட நிற்க வேண்டியவன் நான்.