ரெஸ்லிங் ஸ்காலர்ஷிப்: எதில் 25 சதவீதம்?

கேள்வி: மகன் நியூ ஜெர்சியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி அணியில் 138 பவுண்டு பிரிவில் ரெஸ்லிங் செய்கிறான். கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் 1-ல் உள்ள ஒரு கல்லூரியின் கோச், 25 சதவீத ஸ்காலர்ஷிப் தருவதாகப் போனில் சொன்னார். டிவிஷன் மூன்று கல்லூரி ஒன்றும் கூப்பிடுகிறது. அங்கே விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப்பே கிடையாதாம். கோச் சொன்னதற்குச் சரி என்று சொல்லிவிடலாமா?
- ஒரு வாசகி, எடிசன்

பதில்: இப்போதே சொல்லிவிடாதீர்கள். எதில் 25 சதவீதம் என்று முதலில் கேளுங்கள். டியூஷனில் மட்டுமா, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவிலா? இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான டாலர் வித்தியாசம் வரும்.

என் மகனுக்கு ஆஃபர்கள் வந்தபோது, கடிதங்களைச் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினோம். ஸ்காலர்ஷிப் என்று தடித்த எழுத்தில் இருந்ததை விட்டுவிட்டு, எல்லாம் கழிந்தபின் எங்கள் கையிலிருந்து போகும் பணத்தை மட்டும் பென்சிலால் மேலே எழுதினோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். வருடத்துக்கு 40,000 டாலர் ஆகும் கல்லூரியில் 25 சதவீதம் போனால் மீதி 30,000. 65,000 கேட்கும் டிவிஷன் மூன்று கல்லூரி, மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் சேர்த்து 40,000 குறைத்தால் மீதி 25,000தான். பக்கத்திலிருக்கும் பிரின்ஸ்டன் டிவிஷன் ஒன்று. அங்கேயும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. அதற்காக அதைச் செலவு கூடிய இடம் என்று ஒதுக்கிவிட முடியுமா?

25 சதவீதம் குறைவு என்று மனம் நோகவும் வேண்டாம். டிவிஷன் ஒன்றில் ஓர் அணிக்கு மொத்தம் 9.9 முழு ஸ்காலர்ஷிப் என்பதுதான் பல வருடம் இருந்த வரம்பு. அதை முப்பது பையன்களுக்குப் பிய்த்துக் கொடுத்தார்கள். முழுச் செலவும் கிடைத்தவர்கள் மிகச் சிலர். கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் அணியில் 30 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. பணம் கூடலாம், இடம் இறுகிவிட்டது.

கோச்சிடம் அடுத்துக் கேட்க வேண்டியது இந்த இடத்தைப் பற்றித்தான். கல்லூரியில் பத்து எடைப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் களமிறங்குவது ஒருவர். அங்கே 138 இல்லாததால் உங்கள் பையன் 133-க்கோ 141-க்கோ போவான். அங்கே இப்போது யார் இருக்கிறார்கள், எந்த வருடம் படிக்கிறார்கள்? அணியின் பட்டியல் கல்லூரி இணையதளத்திலேயே இருக்கும். 141-ல் முதல் வருடப் பையன் ஒருவன் நன்றாக ஆடிக்கொண்டிருந்தால், உங்கள் மகன் சில வருடம் காத்திருக்க நேரும். எடையைக் குறைத்து 133-க்கு வரச் சொல்கிறாரா என்பதையும் நேரடியாகக் கேளுங்கள். 1997-ல் சில வாரங்களுக்குள் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் எடை குறைக்கப் போய் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகுதான் விதிகள் கடுமையாயின. வளரும் பையனைப் பட்டினி போட்டு எந்த ஸ்காலர்ஷிப்பும் வேண்டாம்.

அப்புறம், போனில் சொன்னது கணக்கில் வராது. இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று மாணவர் கையெழுத்திடும் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற பழைய முறையை 2024-ல் எடுத்துவிட்டார்கள். கல்லூரி எழுதிக் கொடுக்கும் நிதியுதவி ஒப்பந்தம்தான் இப்போது பேசும். ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா, காயம்பட்டால் தொடருமா என்பதை அதில் தேடிப் படியுங்கள். கேட்டால் கோச் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். நல்ல கோச்சுக்கு இது தினமும் கேட்டுப் பழகிய கேள்வி.

மகன், வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்4 விசாவில் இருந்தால் மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. கல்லூரி தன் பணத்திலிருந்து தருவதற்கு அந்தத் தடை இல்லை. நிதியுதவி அலுவலகத்தில் நேராகப் பேசுங்கள்.

மகன் இன்னும், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தகுதி மையத்தில் பதிவு செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யட்டும். டிவிஷன் ஒன்றுக்கு 16 முக்கியப் பாடங்களும், அவற்றில் 2.3 ஜிபிஏவும் வேண்டும். அதில் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். எவை கணக்கில் சேரும் என்று பள்ளி கவுன்சிலரிடம் கேட்டு, அடுத்த வருடப் பாடங்களை எடுக்கச் சொல்லுங்கள்.