சைபர் போடாதீங்க, அம்மணி

கேள்வி: எனக்கு 44 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பத்து வருடமாக வீசிங். பெங்களூரில் இருக்கும் மகன் போனில் ஆஸ்துமா ஆப் போட்டுக் கொடுத்து, தினமும் 6,000 காலடி நடக்கச் சொல்கிறான். 2,000 தாண்டுவதற்குள் நெஞ்சு இறுகி இளைக்கிறது. இளைக்கும்போது வாயில் அடிக்கும் நீல பம்ப் (இன்ஹேலர்) மாதம் ஒன்று ஆகிறது. எத்தனை தடவை அடித்தேன் என்று ஆப் கேட்டால், மகன் பார்த்துப் பயந்துவிடுவான் என்று சைபர் போட்டுவிடுவேன். நடப்பதை நிறுத்திவிடலாமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: நடை இருக்கட்டும். அந்த சைபரை முதலில் பேசுவோம்.

ஒரு நீல பம்ப்பில் 200 தடவை அழுத்த மருந்து இருக்கும். மாதம் ஒன்று தீர்ந்தால், நாளுக்கு ஆறேழு தடவை. வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டாலே வீசிங் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். வருடத்துக்கு மூன்று பம்ப் ஆனாலே ஆபத்து கூடும். உங்களுக்குப் பன்னிரண்டு ஆகிறது. இதை மறைத்து நடைக்கணக்கை மட்டும் காட்டினால், 'அம்மா நல்லாத்தான் இருக்குது' என்று மகன் நினைக்காமல் என்ன செய்வான்? உங்களை 6,000க்கு விரட்டுவது நீங்கள் போட்ட சைபர்தான்.

பிள்ளை பயப்படக் கூடாதாம். ஏன் கூடாது? பெற்றவளுக்கு மூச்சு முட்டினால் பயப்படுவதும், லீவு போட்டு ஓடி வருவதும் அவன் கடமை. அதை அவனிடமிருந்து பறிக்க உங்களுக்கு உரிமை இல்லைங்க.

இன்னொன்று. தினமும் போட வேண்டிய தடுப்பு பம்ப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. நீல பம்ப் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியே கிடக்கும். அதைக் குறைப்பது தடுப்பு பம்ப்தான். போட்டவுடன் சுகம் தெரியாது, நாள்கணக்கில், வாரக்கணக்கில்தான் தெரியும். அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். டாக்டர் எழுதித் தந்ததும் ஆப்பில் அலாரத்தைக் காலை, இரவு பல் துலக்கும் நேரத்துக்கு வையுங்கள். போட்டபின் வாய் கொப்பளித்துத் துப்புவதும் அதோடு முடிந்துவிடும்; கொப்பளிக்காவிட்டால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படியலாம்.

பம்ப் போடுவதைப் போனில் வீடியோ எடுத்து, சரியாகப் போடுகிறீர்களா என்று பாருங்கள். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். வாயோரமாகப் புகை கசிந்தால் மருந்து நுரையீரலுக்கு முழுதாகப் போகவில்லை. பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குழாயான ஸ்பேசர் மாட்டினால் சுலபம். அதை சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள்.

நடையை விட வேண்டாம். இப்போதைக்கு 6,000 மறந்துவிடுங்கள். சமதரையில் பத்து நிமிடம், முதல் ஐந்து நிமிடம் ரொம்ப மெதுவாக. மார்கழி விடியற்காலைப் பனியில் வேண்டாம், வெயில் ஏறியபின் போங்கள். பேச்சு திக்கினால் நின்றுவிடுங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் போனாலோ, பம்ப் போட்டும் அடங்காவிட்டாலோ உடனே 108.

ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு லேசாகி, திங்கள் கம்பெனிக்குப் போனதும் இறுகுகிறதா? அதையும் குறியுங்கள். பஞ்சுத் தூசி காரணமா என்று டாக்டர் பிடிக்க அது உதவும்.

இன்று ராத்திரியே மகனைக் கூப்பிட்டு, 'இத்தனை நாள் போட்டது பொய்க்கணக்கு, சாமி' என்று சொல்லிவிடுங்கள். இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். தீர்ந்துபோன பம்ப்களைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவர் மேசைமேல் கொட்டுங்கள்.