திராட்சைக் கம்பளிப்பூச்சியும் சிவந்த நாக்கும்

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது, எடை 13½ கிலோ. அவன் போகும் பிளே ஸ்கூலில் வெள்ளிக்கிழமைதோறும் ஸ்நாக்ஸ் நேரத்தில் பிள்ளைகளே சாப்பாட்டில் உருவம் செய்து சாப்பிடுகிறார்கள். போன வாரம் பாலில் கலர் கலந்து பிரெட்டில் படம் வரைந்தார்கள். திராட்சையைப் பல்குச்சியில் கோத்துக் கம்பளிப்பூச்சி செய்தார்கள். நாக்கெல்லாம் சிவப்பாக வீட்டுக்கு வந்தான். ஆசை ஆசையாகச் செய்கிறான், ஆனால் நக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறானாம். வீட்டிலும் காய் என்றால் வாயைத் திறப்பதில்லை. பால் மட்டும் நாளுக்கு நான்கு டம்ளர் குடிக்கிறான். இதை வீட்டிலும் செய்து பார்க்கலாமா? ‘சோத்துல என்ன விளையாட்டு?’ என்கிறார் மாமியார். அந்தக் கலர் ஏதாவது செய்யுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் கலரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் பகீரென்றது திராட்சைதான்.

முழுத் திராட்சை உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும். மூச்சுக்குழாயின் வாயில் போய் உட்கார்ந்தால் பாட்டிலுக்குப் போட்ட கார்க் மாதிரி அடைத்துக்கொள்ளும். மூன்றரை வயதில் கடைவாய்ப்பல் முளைத்திருக்கும். நன்றாக அரைத்து விழுங்கும் பழக்கம் இன்னும் முழுதாக வந்திருக்காது. அதிலும் படம் செய்யும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள், பேசுவார்கள், பக்கத்துப் பிள்ளையின் தட்டைப் பார்க்க ஓடுவார்கள். புரையேற அது போதும். திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறித்தான் கொடுக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் பயனில்லை, வட்டம் அப்படியே இருக்கும். கண்ணுக்கு வைக்கும் பச்சைக் கேரட் வில்லைக்கும் இதே கதைதான். வேகவைத்தோ துருவியோ வையுங்கள். மூக்குக்கு முழு நிலக்கடலை, முடிக்குப் பாப்கார்ன் இரண்டும் இந்த வயதில் வேண்டாம். பல்குச்சி கூடவே கூடாது. ஒட்டுவதற்குக் கெட்டித் தயிரோ மசித்த வாழைப்பழமோ போதும்.

ஒருவேளை அடைத்துக்கொண்டால்? குழந்தை சத்தமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள், அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. இருமலும் அழுகையும் நின்று சத்தமே வரவில்லை என்றால்தான் ஆபத்து. முன்பக்கம் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். வாய்க்குள் குருட்டாம்போக்கில் விரலை விட்டுத் துழாவாதீர்கள், பொருள் இன்னும் உள்ளே போய்விடும். (ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, அதற்கு முறை வேறு.) இன்னொன்றும் உண்டு. புரையேறி அடங்கிய குழந்தைக்கு அப்புறம் நாள்கணக்கில் இருமலோ நெஞ்சில் ஒரு பக்கம் மட்டும் மூச்சிழுப்போ இருந்தால், ‘சளிதான்’ என்று சிரப் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அரைக் கடலை நுரையீரலுக்குப் போகும் குழாயில் மாட்டிக்கொண்டிருக்கலாம். குழாய்க் கேமரா விட்டுத்தான் எடுக்க வேண்டிவரும்.

சரி, கலருக்கு வருவோம். நாக்கு சிவந்தது நோயல்ல, பல் துலக்கினால் போய்விடும். நம் நாட்டில் சில செயற்கை நிறங்களுக்கு அனுமதி உண்டு. உணவில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்பது அவற்றின் உச்சவரம்பு. ஆனால் வகுப்பறையில் பாட்டிலைச் சாய்க்கும்போது யார் அளக்கிறார்கள்? இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3 வயது, 8-9 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. சில நிறங்களும் சோடியம் பென்சோயேட் என்ற, உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருளும் கலந்த பானம் குடித்த பிள்ளைகளில் சிலருக்குத் துறுதுறுப்பு கூடியது. எல்லாருக்கும் அல்ல, பெரிய அளவிலும் அல்ல. இருந்தாலும் 2010 முதல் ஐரோப்பாவில் அந்த நிறங்கள் சேர்ந்த உணவுப் பாக்கெட்டில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று ஆனது. அவற்றில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின், பொன்சோ 4ஆர் ஆகிய நான்கும் இங்கே அனுமதி பெற்றவை. வாரம் ஒருநாள் ஒரு சொட்டு என்றால் நான் பதறமாட்டேன். லேபிள் இல்லாத பொட்டலக் கலர் என்றால் பதறுவேன். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். அதில் இருந்த ரோடமின்-பி துணிக்குப் போடும் சாயம்.

உங்கள் அடுப்படியிலேயே கலர் பெட்டி இருக்கிறதே! பீட்ரூட் சாறு, மஞ்சள்தூள், அரைத்த கீரை. நீலத்துக்குச் சங்குப்பூ: நீல இதழ்கள் ஐந்தாறை வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும், ஒரு சொட்டு எலுமிச்சை விட்டால் ஊதாவாக மாறும். அதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை: பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் மலமோ சிறுநீரோ சிவப்பாகப் போகலாம். ஒரு பாட்டி ராத்திரி இரண்டு மணிக்குப் பேரனையும் அவன் ஜட்டியையும் பிளாஸ்டிக் பையில்... பேரனை இடுப்பில், ஜட்டியைப் பையில் என்று திருத்திக்கொள்கிறேன், தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நேற்று என்ன சாப்பிட்டான் என்று கேட்டேன். பீட்ரூட் அல்வா.

அடுத்தது, செய்கிறான், ஆனால் சாப்பிடுவதில்லை என்பது. இது நல்ல செய்தி. இரண்டு வயதிலிருந்து ஐந்தாறு வயது வரை புதிய உணவைக் கண்டு பின்வாங்குவது பெரும்பாலான பிள்ளைகளின் இயல்பு. கையில் தொடுவது, முகர்வது, நக்குவது, வாயில் போட்டுத் துப்புவது எல்லாம் சாப்பிடுவதற்கு முந்தைய படிகள். ஒரு காயைப் பத்துப் பதினைந்து முறை பார்த்துப் பழகிய பிறகு விழுங்குகிற பிள்ளைகள் உண்டு. நாம் மூன்றாம் முறையே ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

வீட்டில் தாராளமாகச் செய்யலாம். சாயங்காலம் நாலு மணி வாக்கில், இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரமாவது முன்பு. ஒரு இட்லி, பீட்ரூட் சாறு கலந்த தயிர் ஒரு ஸ்பூன், வேகவைத்த பீன்ஸ் நாலு துண்டு, துருவிய கேரட் ஒரு பிடி, அவ்வளவுதான். அவனுக்கு ஒரு தட்டு, உங்களுக்கு ஒரு தட்டு. அவன் இட்லிக்கு ஆறு கண் வைத்தால் ஆறு கண்தான். உங்கள் இட்லியை நீங்கள் பிய்த்துச் சாப்பிடுங்கள். அவனிடம் ‘சாப்பிடு’ என்று சொல்லாதீர்கள், ‘ஒரே ஒரு வாய்’ என்றும் கெஞ்சாதீர்கள். கால் மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அரைமணி நேரம் அம்மா உட்கார்ந்து வெள்ளரிக்காயில் மயில் செதுக்குவதும், குழந்தை தொடுவதற்குள் போட்டோ எடுப்பதும் அம்மாவின் பொழுதுபோக்கு. தப்பில்லை, ஆனால் பையனுக்கு அதில் வேலை இல்லை.

மாமியாரை எதிரியாக்க வேண்டாம். கொழுக்கட்டை பிடிக்கும்போது பிள்ளைக்கு ஒரு உருண்டை மாவு கொடுத்தவர்கள், தோசைக் கல்லில் குருவி வார்த்தவர்கள், நிலாவைக் காட்டிச் சோற்றை உருட்டியவர்கள் எல்லாம் அவர் தலைமுறைதான். அவரையே ஒருநாள் குருவி தோசை வார்க்கச் சொல்லுங்கள். உணவு வீணாகக் கூடாது என்பதே அவர் கவலையென்றால் அது நியாயம், கொஞ்சமாக வையுங்கள்.

ஒன்றை மட்டும் பிரித்து வைக்க வேண்டும். உப்பைக் கொட்டிப் பிசைந்த விளையாட்டு மாவைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவராதீர்கள். அதை நிறைய விழுங்கினால் ரத்தத்தில் உப்பு ஏறிவிடும். ஜவ்வரிசி போலத் தெரியும் தண்ணீரில் ஊதும் கலர் மணிகள் வீட்டிலேயே வேண்டாம். குடலுக்குள் போய் ஊதி அடைக்கும்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய நான்கு டம்ளர் பால். உங்கள் வீட்டு டம்ளர் 200 மில்லி என்றால் நாளுக்கு 800 மில்லி. வயிறு அதிலேயே நிறைந்துவிடுகிறது, அப்புறம் காய்க்கு இடம் ஏது? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, மற்ற உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதையும் அது தடுக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு ரத்தசோகை. பாலை இரண்டு டம்ளராக்குங்கள், ஸ்நாக்ஸுக்கு முந்தைய டம்ளரை முதலில் நிறுத்துங்கள். எடை இந்த வயதுக்குக் குறைவில்லை. ஆனால் மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு தின்கிறானா, வெளுத்திருக்கிறானா என்று பாருங்கள். அப்படியிருந்தால் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். எடை ஏறாமல் நின்றாலோ, மொத்தமே ஏழெட்டு உணவுதான் சாப்பிட்டாலோ, கெட்டியானது எதை வாயில் வைத்தாலும் குமட்டினாலோ நேரில் காட்டுங்கள்.

பள்ளியில் சண்டை போட வேண்டியதில்லை. வரும் வெள்ளிக்கு முன்பே ஆசிரியையிடம் திராட்சையை எப்படிக் கீறுவது என்று சொல்லிவிடுங்கள். பீட்ரூட் சாறு ஒரு சின்னப் பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள், மூடியை இறுக்கி.