குறட்டை இருக்கட்டும், டோல்கேட்டில் தூங்கினாரே, அதைப் பேசுவோம்

நாமக்கல்லிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு. டாரஸ் லாரி ஓட்டும் கணவர், வயது 44, குறட்டை, காலையில் தலைவலி, வாய் வறட்சி, ராத்திரி மூன்று தடவை சிறுநீர், முடி கொட்டுகிறது என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரே வரியில் "போன மாதம் கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் ஸ்டியரிங்கிலேயே தூங்கிவிட்டார், பின்னால் நின்றவர் ஹாரன் அடித்துத்தான் எழுந்தார்" என்கிறீர்கள். அம்மா, எனக்கு அந்த ஒரு வரி போதும். என் சந்தேகம் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடைபட்டு நின்று நின்று வரும் கோளாறு.

முடி கொட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, விட்டுவிடுங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி பகலில் 98 காட்டத்தான் செய்யும், கோளாறு தூக்கத்தில் அல்லவா இருக்கிறது. தூங்கியதும் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறது. பத்து விநாடி, சிலருக்கு அரை நிமிடத்துக்கும் மேலாக மூச்சே இருக்காது. அப்புறம் மூளை உலுக்கி எழுப்பும், 'ஹக்' என்று ஒரு பெரிய மூச்சு, மறுபடி குறட்டை. ஒரு மணி நேரத்தில் 30 தடவையோ அதற்கு மேலோ இப்படி நடந்தால் கடுமையான நிலை என்கிறோம். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது, எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கினேன் என்றுதான் சொல்வார். தலைவலியும் ராத்திரி எழுந்து போவதும்கூட இதனால் வரலாம், ஆனாலும் சர்க்கரையும் பிரஷரும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தூக்கத்திலேயே உயிர் போய்விடும் என்று ஏதோ வீடியோ பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். பிரஷர், இதயம் எல்லாம் நாள்பட்ட கவலை, அதற்கு வழி இருக்கிறது. எனக்கு இன்றைய பயம் ரோடுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் சொக்கினால் லோடு வண்டி 50 மீட்டர் தானாகப் போகும். டீயும் பீடியும் முகத்தில் தண்ணீரும் அதைத் தடுக்காது. ராத்திரி நன்றாகத் தூங்கட்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய அந்தத் தூக்க மாத்திரையை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் தினமும் போட்டிருந்தால் மட்டும் மருத்துவரைப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஏற்கெனவே தளர்ந்த தொண்டையை அது இன்னும் தளர்த்தும், மறுநாள் காலை வரை மயக்கமும் விடாது. சாராயமும் அப்படியே. யாரைக் கேட்டு இதையெல்லாம் கொடுக்கிறார்கள் என்று எனக்குக் கோபம்தான் வருகிறது.

டெஸ்ட் எடுத்தால் பிழைப்பு போய்விடுமோ என்று அவர் தயங்குவது புரிகிறது. சிகிச்சை தொடங்கி, பகல் தூக்கம் நின்றது என்று மருத்துவர் பார்த்துச் சொன்னதும் மறுபடி ஓட்டலாம். என்னிடம் வந்த டிரைவர்கள் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதுவரை லோடு ஏற்ற வேண்டாம், இதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள். ஒரே ஒரு ராத்திரி டெஸ்ட், வீட்டிலேயே எடுக்கும் கருவியும் உண்டு. உறுதியானால் பெரும்பாலும் சி-பேப் மெஷின் தருவார்கள். அது ஆக்சிஜன் இல்லை, சாதாரணக் காற்றையே அழுத்தத்தோடு மூக்கு வழியாக அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும். 24 வோல்ட் லாரி பேட்டரியில் ஓடும் கன்வெர்ட்டர் கிடைக்கிறது, கேபினிலேயே மாட்டிக்கொண்டு தூங்கலாம். எடையைக் குறைத்தால் இன்னும் நல்லது, ஆனால் எடை இறங்கட்டும் என்று டெஸ்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

டாக்டரிடம் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அவர் மல்லாந்து குறட்டை விடும்போது ஐந்து நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். மூச்சு நின்று திரும்பும் அந்த இடத்தைப் பார்த்தால் டாக்டருக்கு மட்டுமல்ல, அவருக்கே விளங்கிவிடும்.